மலையில் ஓடும் பைக்குக்கு ஒரு வோல்ட் மீட்டர்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். ரம்பொடை தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. முன்னால் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லொறி, அதன் பின்னால் ஒரு பஸ், பஸ்ஸின் பின்னால் நான். முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். ஹெட் லைட் எரிகிறது, நானே ஆசைப்பட்டு வாங்கிப் பூட்டிய இரண்டு பனி விளக்குகளும் எரிகின்றன. ஒரு வளைவில் ஹார்ன் அடித்தேன். தடிமன் பிடித்தவன் கூப்பிடுவதைப் போல ஒரு சத்தம் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. லபுக்கலையில் தேநீர் குடிக்க நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வந்து செல்ப் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மலையில் இருப்பதில் ஒரு வசதி, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் இறக்கம் கிடைக்கும். வந்த வழியே பைக்கைத் திருப்பி, உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் கிளம்பிவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தேன். இரண்டு முறையும் கராஜில் சொன்னது ஒன்றுதான்: "பேட்டரி வீக்." மூன்றாவது பேட்டரி வாங்கும் எண்ணத்தோடு போனபோதுதான் வேறொரு பாஸ், அதாவது கராஜ் மெக்கானிக், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரை, வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை, கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு பின் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி, தேநீர்ச் சாயம் படிந்த பல் மாதிரி இருந்தது. பேட்டரிகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவற்றுக்குச் சோறு போகவில்லை, அதுதான் விஷயம்.

அன்றைக்கு என் கைப்பிடியில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் இருந்திருந்தால் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஒரு புதுப் பேட்டரியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. பொருத்துவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். வயரிங் வேலை செய்தே பழக்கமில்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், சார்ஜ் எங்கிருந்து வருகிறது

எஞ்சினின் ஓரத்தில் மூடிக்குள் மெக்னெட் சுற்றுகிறது. அதனுள்ளே இருக்கும் கொயிலில் மின்சாரம் பிறக்கிறது. அது ஏ.சி. மின்சாரம், பேட்டரிக்கு அப்படியே கொடுக்க முடியாது. அதை டி.சி.யாக மாற்றி, அளவுக்கு மேல் ஏறாமல் 14 வோல்ட் பக்கத்தில் பிடித்து வைப்பதுதான் ரெகுலேட்டர். முதுகில் வரிவரியாகத் தகடு வைத்த அலுமினியப் பெட்டி அது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு தொட்டால் சுடும்.

இதில் புதியவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவது ஓடிய கிலோமீற்றரைப் பொறுத்ததல்ல, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. சமவெளியில் ஓடுபவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நமக்கு அப்படி இல்லை. தனியாக இரண்டாம் கியரில் எஞ்சின் முக்க ஏறினால் நன்றாகச் சார்ஜ் ஏறும். அதே ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்தால் ஏறாது, இறங்கும்.

என்னுடைய அன்றைய கணக்கையே பாருங்கள். ஹெட் லைட் 35 வாட், பின் லைட் 5 வாட், பனி விளக்குகள் 20 வாட் வீதம் 40. மொத்தம் 80 வாட். 12 வோல்ட்டில் அது ஆறரை அம்பியர். சின்ன பைக்கின் மெக்னெட் ஐட்லிங்கில், அதாவது திராட்டிலை முறுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, இதைக் கொடுக்காது. குறைகிற மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். இருந்ததோ 5 அம்பியர்-மணி பேட்டரி, அரை அம்பியர் வீதம் பத்து மணி நேரம் கொடுக்கும் அளவு. இதோடு கப்ளரும் கருகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இறக்கத்துக்கும் ஒரு சங்கதி உண்டு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுபவர்கள் நம்மிடையே நிறைய. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது பார்க்கலாம். பிரேக்கை நம்பி அப்படி இறங்குவது உயிருக்கே ஆபத்து, அது முதல் விஷயம். இரண்டாவது, விளக்குகள் முழுக்கப் பேட்டரியைத் தின்கின்றன. கியரில் போட்டு திராட்டிலை விட்டுவிட்டு இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுற்றும், மெக்னெட்டும் சுற்றும், பேட்டரிக்கு இலவசமாகச் சார்ஜ். வோல்ட் மீட்டர் பொருத்திய பிறகு இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எந்த மீட்டர் வாங்குவது

கொழும்புக்குப் போகிறவர்கள் பஞ்சிகாவத்தையில் வாங்கலாம். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை டவுன்களில் பைக் சாமான் விற்கும் கடைகளிலும் இப்போது கிடைக்கிறது. கடைக்காரர் மூன்று நான்கு வகையை முன்னால் போடுவார். பார்க்க வேண்டியது வயர் எத்தனை என்று.

இரண்டு வயர் மீட்டர் எந்த வயரில் உயிர் வாழ்கிறதோ அதன் வோல்ட்டையே காட்டும். சாவி போட்டால் மட்டும் வருகிற வயரில் கொடுத்தால், அந்த வயர் பேட்டரியிலிருந்து சாவி ஸ்விச், கப்ளர் என்று ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கும். வழியில் அரை வோல்ட் வரைக்கும் தொலைந்துபோகும். பேட்டரியில் 12.6 இருக்கும்போது மீட்டர் 12.1 காட்டும், நீங்கள் நல்ல பேட்டரியைச் சந்தேகப்படுவீர்கள். சரி, நேராகப் பேட்டரியிலேயே கொடுத்துவிடலாம் என்றால், அது இரவும் பகலும் எரியும். மீட்டர் 20 மில்லி அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை அம்பியர்-மணி. 5 அம்பியர்-மணி பேட்டரி பத்து நாளில் காலி. பேட்டரியைக் காக்க வாங்கிய காவல்காரனே திருடுகிற கதை.

மூன்று வயர் மீட்டரில் இந்தச் சிக்கல் இல்லை. சிவப்பு, மீட்டர் எரிவதற்கு. கறுப்பு, எர்த், அதாவது மைனஸ். மூன்றாவது வயர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும், அது அளப்பதற்கு மட்டும். சிவப்பைச் சாவி போட்டால் வரும் வயரில் கொடுத்து, மஞ்சளை நேரே பேட்டரியின் பிளஸ்ஸுக்குக் கொண்டுபோனால் சாவி போட்டபோது மட்டும் எரியும், ஆனால் பேட்டரியின் உண்மையான வோல்ட்டைக் காட்டும். என் யோசனை, மூன்று வயரையே வாங்குங்கள். இரண்டு வயர்தான் கிடைத்தது என்றால் ஒரு ரிலே வைத்துச் செய்யலாம். சாவி வயர் ரிலேயைத் தட்டும், ரிலே பேட்டரியை மீட்டருக்குக் கொடுக்கும். வேலை கொஞ்சம் கூடுதல்.

தசமத்துக்குப் பிறகு ஒரு எண் காட்டினால் போதும். 12.6 என்று தெரிந்தால் சரி, 12.64 என்று தெரிந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நிறத்தில் மட்டும் கவனம். நீல எழுத்து கடையில் அழகாக இருக்கும், இரவில் பனிக்குள் கண்ணைக் கூசும். சிவப்போ பச்சையோ எடுங்கள். அதுவும் அதிகமாக எரிந்தால் மேலே ஒரு துண்டு கறுப்புக் கூலிங் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம்.

இன்னும் தேவையானவை: மெல்லிய வயர், அரை சதுர மில்லிமீட்டர் போதும், கறுப்பிலும் இன்னொரு நிறத்திலுமாக இரண்டிரண்டு மீட்டர், பியூஸ் கூடு ஒன்று, அதற்கு 1 அல்லது 2 அம்பியர் பியூஸ், பேட்டரி போல்ட்டில் மாட்ட வளையம் வைத்த இரண்டு டெர்மினல், சூடாக்கினால் சுருங்கும் குழாய், கேபிள் டை, ஈயம் வைக்கும் சோல்டரிங் அயர்ன். சோல்டரிங் அயர்ன் இல்லாவிட்டால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ரேடியோ, போன் திருத்துகிற தம்பி யாராவது இருப்பான், அவனிடம் இருக்கும். மல்டிமீட்டரும் அவனிடமே இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

வேலை

சாவியை எடுத்துவிட்டு சீட்டைக் கழற்றுங்கள். பேட்டரியில் முதலில் மைனஸ்ஸைக் கழற்ற வேண்டும், பிறகுதான் பிளஸ். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பைக்கின் இரும்பு முழுக்க மைனஸ். முதலில் பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பானர் தவறி பிரேமில் பட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், பொறி பறக்கும், ஸ்பானரே ஒட்டிக்கொள்ளும். மைனஸ்ஸை ஏற்கெனவே கழற்றியிருந்தால் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.

கழற்றிய கையோடு டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து பைக்குகளில் மழைக்கே இது கட்டாயம் இருக்கும். வெந்நீரில் அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கலக்கி, பழைய பல்துலக்கியால் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர்ப் பேட்டரி என்றால் மூடித் துளைக்குள் அந்தத் தண்ணீர் போகக்கூடாது. பிறகு துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பேட்டரிப் பிரச்சினை என்று கராஜுக்கு வருகிற பைக்குகளில் எத்தனையோ இந்த ஒரு துலக்கலோடு சரியாகிவிடும் என்று எனக்கு மீட்டர் பூட்டச் சொல்லிக்கொடுத்த பாஸ் சொல்வார்.

அடுத்து, மீட்டரை எங்கே வைப்பது. கைப்பிடி நடுவில், பார்வையை ரோட்டிலிருந்து அதிகம் எடுக்காமலே தெரிகிற இடம் நல்லது. நான் ஒரு அலுமினியப் பட்டையை வளைத்துக் கண்ணாடி போல்ட்டில் மாட்டினேன். எதையும் ஒட்டுவதற்கு முன் கைப்பிடியை இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் இடிக்கிறதா, கேபிளை நசுக்குகிறதா என்று அப்போதே தெரியும்.

இனி சாவி போட்டால் வரும் வயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரியைத் தற்காலிகமாக மாட்டி, மல்டிமீட்டரின் கறுப்பை பிரேமில் வைத்து, சிவப்பால் தேடுங்கள். எனக்குப் பிடித்த இடம் முன் பிரேக் ஸ்விச்சுக்குப் போகும் இரண்டு வயர். பெரும்பாலான பைக்குகளில் அதில் ஒன்றில், பிரேக்கைப் பிடிக்காவிட்டாலும், சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். சாவியை எடுத்தால் பூச்சியம். அதுதான் நமக்கு வேண்டியது. கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சிவப்பு வயரை நீட்டவும் தேவையில்லை.

ஹெட் லைட் வயரைத் தொடாதீர்கள். நம் மலைப்பக்கம் ஓடும் பழைய 100, 125 சீசீ பைக்குகள் பலவற்றில் ஹெட் லைட்டுக்குப் பேட்டரியோடு சம்பந்தமே இல்லை. மெக்னெட்டிலிருந்து நேராக ஏ.சி. போகிறது. திராட்டிலை முறுக்கினால் வெளிச்சம் கூடி, விட்டால் மங்கினால் உங்களுடையதும் அந்த வகைதான். அந்த வயரில் கொடுத்தால் மீட்டர் பேய் பிடித்த மாதிரி துடிக்கும்.

வயரைக் கண்டுபிடித்ததும் அடையாளம் வைத்துவிட்டு பேட்டரியை மறுபடியும் கழற்றிவிடுங்கள். கம்பனி வயரை வெட்ட வேண்டாம். மேல் உறையை மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கவனமாகச் சீவி, மீட்டரின் சிவப்பை அதில் சுற்றி ஈயம் வைத்து, டேப் சுற்றுங்கள். கடையில் நீல நிறத்தில் ஒரு கிளிப் கொடுப்பார்கள், அழுத்தினால் போதும், சீவவே தேவையில்லை என்பார்கள். வெயில் ஊருக்கு அது சரி. நம் பனிக்கும் மழைக்கும் ஆறு மாதத்தில் உள்ளே பச்சை பிடித்துவிடும்.

மிச்சம் இரண்டு வயர், மஞ்சளும் கறுப்பும், டேங்குக்கு அடியால் பேட்டரி வரைக்கும் போக வேண்டும். டேங்கைக் கழற்றாமல் செய்யலாம். பழைய கிளட்ச் கேபிளின் உள் கம்பியைச் சீட்டுப் பக்கமிருந்து முன்னால் தள்ளி, நுனியில் வயர்களைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். கம்பனி வயர்க் கட்டு போகும் வழியிலேயே கொண்டுபோய், ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். எஞ்சின் தலையையும் சைலன்சரையும் நெருங்க விடாதீர்கள். கைப்பிடி திரும்பும் கழுத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும், இறுக்கமாகக் கட்டினால் சில மாதத்தில் உள்ளே கம்பி அறுந்துபோகும்.

ஒரு சின்ன விஷயம், நான் ஒவ்வொரு முறையும் மறப்பது: சுருங்கும் குழாயை முதலில் வயரில் கோர்த்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். ஈயம் வைத்து அழகு பார்த்த பிறகு குழாய் மேசையில் கிடப்பதைக் கண்டு பல்லைக் கடித்த நாட்கள் உண்டு.

மஞ்சள் வயரில் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் கூட்டை வையுங்கள். பியூஸ் எதற்காக என்றால், வழியில் எங்காவது வயர் உரசி பிரேமில் பட்டால் பியூஸ் போகும், வயர் தீப்பிடிக்காது. பியூஸ் மீட்டர் பக்கத்தில் இருந்தால் இடையில் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பில்லை. அதனால்தான் பேட்டரிக்குப் பக்கம். கறுப்பை பிரேமில் எங்காவது மாட்டாமல், நேராகப் பேட்டரி மைனஸ்ஸிலேயே கொடுங்கள். துருப்பிடித்த போல்ட் அளவைக் கெடுக்கும்.

மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே மெல்லிசாக வாஸ்லின் தடவிவிடுங்கள்.

சாவியைப் போடுங்கள். எண் வருகிறதா? மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து ஒப்பிடுங்கள். 0.1 வித்தியாசம் பரவாயில்லை. கூடுதலாக இருந்தால், சில மீட்டர்களின் முதுகில் ஊசி முனையளவு ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். இல்லையென்றால் வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும். வாட்டர்புரூப் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், நுவரெலியா பனி எழுத்து வாசிக்கத் தெரியாதது. முதுகைச் சிலிக்கன் வைத்து மூடுங்கள். ஹாட்வெயாரில் கிடைக்கும் சாதாரண சிலிக்கன் சிலவற்றில் வினிகர் வாடை வரும். அந்த வகை செம்பை அரிக்கும். வாடை வராத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எண்கள் சொல்வது

பைக்கை ஓட்டி நிறுத்திய உடனே பார்க்கும் எண் பொய். சார்ஜ் ஏறிய சூட்டில் 13க்கு மேலே காட்டும். நாலைந்து மணி நேரம் ஓய்ந்த பிறகு, காலையில் பார்ப்பதுதான் நிஜம். சாதாரண லெட் அசிட் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.8. 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0 வந்துவிட்டால் கால் பங்குதான் மிச்சம். பார்த்தீர்களா, நிறைவுக்கும் வெறுமைக்கும் நடுவில் ஒரு வோல்ட்கூட இல்லை. அதனால்தான் 'பன்னிரண்டு வோல்ட் இருக்கே, நல்லாத்தானே இருக்கு' என்று நினைத்து ஏமாறுகிறோம். சாவி போட்டதும் தானாக ஹெட் லைட் எரியும் பைக்குகளில் இந்த எண்கள் கொஞ்சம் கீழேதான் தெரியும். லித்தியம் பேட்டரி பூட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது ஓய்விலேயே 13க்கு மேலே நிற்கும்.

செல்ப் அடிக்கும்போது எண் சட்டென்று விழும். 10க்கு மேலே நின்றால் நல்லது. 9.5க்குக் கீழே போனாலோ, மீட்டரே அணைந்து மறுபடி எரிந்தாலோ, பேட்டரி வயசாளி, அல்லது டெர்மினல் தளர்வு. குளிர் இங்கேதான் தன் கைவரிசையைக் காட்டும். 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் தை மாதக் காலை, புல்லில் வெள்ளையாக உறைபனி கிடக்கிற நாளும் உண்டு. ஓய்வு வோல்ட் அதே 12.5தான் காட்டும், ஆனால் செல்ப் அடிக்கும்போது வழக்கத்தைவிடக் கீழே விழும். உள்ளே நடக்கும் ரசாயன வேலை குளிருக்கு மந்தமாகிறது, எஞ்சின் ஒயிலும் கெட்டியாகிவிடுகிறது. கிக்கர் இருப்பவர்கள் அந்தக் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் காலாலே கொடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது, திராட்டிலைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.5 முதல் 14.5 வரைக்கும் வர வேண்டும். ஐட்லிங்கில் குறைவாக இருப்பது இயல்பு. விளக்கெல்லாம் போட்டு ஐட்லிங்கில் 12.5க்கு இறங்கினாலும், முறுக்கியதும் 14 பக்கம் ஏறினால் கவலையில்லை.

ஆனால் இந்தப் பொது எண்களைவிட முக்கியமானது உங்கள் பைக்கின் சொந்த எண். எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் இப்படி இருக்கிறது: காலை 12.6, செல்ப் 10.4, ஐட்லிங் 13.1, லைட் போட்டு ஐட்லிங் 12.5, நாலாயிரம் ஆர்.பி.எம்.மில் 14.1. இப்போது எனக்கு 13.6 என்பதே ஒரு செய்தி. இன்னொருவரின் பைக்கில் அது ஆரோக்கியமான எண்ணாக இருக்கலாம். என் பைக்கில் அது எங்கேயோ ஒரு கப்ளர் அழுக்காகிறது என்று அர்த்தம்.

எண் தவறினால்

முறுக்கியும் ஏறவில்லை, 12 சொச்சத்திலேயே நிற்கிறது என்றால் பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முதலில் கப்ளர்களைத் தொட்டுப் பாருங்கள், ரெகுலேட்டரின் கப்ளரை முக்கியமாக. கை சுடுகிறதா, நிறம் மாறியிருக்கிறதா, முகர்ந்தால் கருகல் வாடை வருகிறதா. பிறகு எஞ்சினை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டர் வாசலில் ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். அங்கே 14.2, இங்கே 13.2 என்றால் அந்த ஒரு வோல்ட்டை நடுவில் இருக்கும் வயரோ கப்ளரோதான் தின்கிறது. என் கதை அதுதான். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் கொயிலையோ ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டும். கொயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வரும் பைக்கில், ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றிவிட்டு இரண்டிரண்டாக ஏ.சி.யில் அளந்தால் மூன்று சோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் கொயிலில் கோளாறு. இதைக் கராஜில் செய்யச் சொல்லலாம், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. இது ஏறாமல் இருப்பதைவிட மோசம். பேட்டரி கொதிக்கும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும், பியூயல் இஞ்செக்ஷன் பைக் என்றால் அதன் கம்ப்யூட்டருக்கே ஆபத்து. முறுக்காமல் மெதுவாகப் பக்கத்து டவுனுக்குப் போய் நிறுத்திவிடுங்கள். வழியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மிச்சமிருப்பதும் எரிந்துபோகும்.

மாலையில் நிறுத்தி ஓய்ந்தபோது 12.7, காலையில் 12.2 என்றால் இரவில் ஏதோ இழுக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது, பைக் வாங்கிய பிறகு நீங்களாகப் பூட்டிய அலாரத்தையும் போன் சார்ஜரையும். ஒவ்வொன்றாக ஓர் இரவுக்குக் கழற்றிவிட்டுப் பாருங்கள், கள்ளன் தானே மாட்டுவான்.

கடைசியாக, கொழும்பில் வேலை செய்துகொண்டு, பைக்கைத் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு. தீபாவளிக்கு வந்தால் பைக் கிளம்பாது, எல்லோரும் பட்ட அனுபவம். போகும்போது மைனஸ்ஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறார்கள் என்றால், லயத்து வாசலில் ஐந்து நிமிடம் உறும வைத்து அணைப்பதில் பயனில்லை. செல்ப் அடித்த செலவே அதில் திரும்பி வராது. அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட வேண்டும். என் சித்தி மகன் கொழும்பிலிருந்து தன் தம்பியை வைத்து இதைச் செய்விக்கிறான். சின்னவன் மீட்டரைப் படம் பிடித்து எனக்கும் அனுப்புவான்.

"அண்ணே, 12.3 காட்டுது. ஸ்டார்ட் பண்ணலாமா?"

"பண்ணு. கிக்கர்ல பண்ணு. பண்ணிட்டு கொட்டகலை வரைக்கும் போய் வா, ரெண்டாவது மூணாவது கியர்லயே போ. வந்து நிறுத்தினதும் படம் அனுப்பாத, நாளைக்குக் காலைல எடுத்து அனுப்பு."